புதிதாக முகாமையாளர் ஆனவருக்கு: திருகோணமலையிலிருந்து ஒரு வழிகாட்டி

திருகோணமலையில் முகாமையாளர் நாற்காலியில் அமர்கிறவர்களில் பலர் அதற்கென்று பயிற்சி பெற்று வந்தவர்கள் அல்லர். வரவேற்பு மேசையில் பொறுமையாக நின்றவர், கணக்கைப் பிழையில்லாமல் எழுதியவர், முதலாளியின் மருமகன் என்று யாரோ ஒருவரிடம் ஒருநாள் சாவிக்கொத்து வந்து சேர்கிறது. கிழக்குப் பல்கலைக்கழகத்தின் திருகோணமலை வளாகத்தில் வணிகம் படித்துவிட்டு வருகிறவரின் நிலைமையும் பெரிதாக வேறில்லை. முகாமைத்துவத் தொழிற்பாடுகளைப் பரீட்சைத்தாளில் வரிசையாக எழுதியிருப்பார். திங்கட்கிழமை காலை எட்டு மணிக்கு எதைக் கையில் எடுப்பது என்று அந்த வரிசை சொல்லாது. இந்தக் கட்டுரை அந்தத் திங்கட்கிழமைக்கானது.

பேச்சுக்கு ஒரு விடுதியை வைத்துக்கொள்வோம். உப்புவெளிக் கடற்கரையை அண்டி 12 அறைகள், ஒரு சமையலறை, 9 ஊழியர்கள். கற்பனை விடுதிதான். நீங்கள் இருப்பது மத்திய வீதியில் ஒரு துணிக்கடையாகவோ மீன் கொள்வனவு நிலையமாகவோ இருந்தால், அறை என்று வரும் இடத்தில் உங்கள் பொருளை வைத்துப் படியுங்கள்.

பாடப்புத்தகச் சங்கதியை முதலிலேயே சுருக்கமாக முடித்துவிடலாம். ஹென்றி ஃபயோல் என்ற பிரெஞ்சுச் சுரங்கப் பொறியியலாளர், நொடிந்துபோகும் நிலையிலிருந்த ஒரு சுரங்க நிறுவனத்தை 1888இல் பொறுப்பேற்று நிமிர்த்தினார். அந்த அனுபவத்திலிருந்து 1916இல் அவர் எழுதி வைத்தவை ஐந்து: திட்டமிடல், ஒழுங்கமைத்தல், கட்டளையிடல், ஒருங்கிணைத்தல், கட்டுப்படுத்தல். பின்னால் வந்தவர்கள் கட்டளையிடலையும் ஒருங்கிணைத்தலையும் சேர்த்து நெறிப்படுத்தல் என்றார்கள். அதனால்தான் இன்றைய பாடநூல்கள் பலவற்றில் நான்கு இருக்கின்றன. நான்கோ ஐந்தோ, அவை வாழ்க்கையில் வரிசையாக வருவதில்லை. ஒரே காலையில் எல்லாமே வந்து நிற்கும்.

முதற்படி: பழைய வேலையிலிருந்து கையை எடுங்கள்

பதவி உயர்ந்தவர்கள் தடுமாறும் முதல் இடம் இதுதான். வரவேற்பு மேசையில் கெட்டிக்காரராக இருந்தவர், முகாமையாளர் ஆன பிறகும் அதே மேசையில்தான் நிற்பார். புதிதாக அங்கே அமர்த்தப்பட்ட பெண் விருந்தினரின் பெயரை மெதுவாகப் பதிந்தால் பொறுக்காது. "தள்ளுங்கள் தங்கச்சி, நான் செய்கிறேன்" என்று தானே பதிந்துவிடுவார். அந்தப் பெண் ஆறு மாதமானாலும் வேலை பழக மாட்டார். அதற்குள் சமையலறையில் எரிவாயு தீர்ந்துபோயிருக்கும். கவனிக்க ஆள் இருந்திருக்காது.

ராபர்ட் காட்ஸ் என்ற அமெரிக்கர் 1955இல் முகாமையாளருக்கு வேண்டிய திறன்களை மூன்றாகப் பிரித்தார்: தொழில்நுட்பத் திறன், மனிதர்களோடு பழகும் திறன், முழுப்படத்தையும் பார்க்கும் திறன். மேலே போகப்போக முதலாவதன் தேவை குறையும், மூன்றாவதன் தேவை கூடும், நடுவில் உள்ளது எல்லாப் படியிலும் வேண்டும் என்பது அவர் கருத்து. உங்களுக்குப் பதவி வாங்கித் தந்தது முதலாவது திறன். இனிமேல் சம்பளம் தரப்படுவது மற்ற இரண்டுக்கும். ஒன்பது பேரும் ஒழுங்காக வேலை செய்தால் நீங்கள் வேலை செய்ததாகக் கணக்கு.

சிறிய விடுதியில் சில நாள்களில் நீங்களும் இறங்கித்தான் ஆகவேண்டும், மறுக்கவில்லை. சமையற்காரர் காய்ச்சலில் படுத்தால் உணவுத் தட்டைத் தூக்குங்கள். அது விதிவிலக்கு என்பது மட்டும் நினைவில் இருக்கட்டும்.

இரண்டாம் படி: இரண்டு வாரம் எதையும் மாற்றாதீர்கள்

வந்தவுடன் மேசைகளை இடம்மாற்றி, நேர அட்டவணையைக் கிழித்துப்போட்டுத் தன் வருகையை அறிவிக்கும் முகாமையாளர்களை எல்லோரும் பார்த்திருப்போம். ஊழியர்கள் அவர்களை எதிர்ப்பதில்லை. "சரி சேர்" என்று சொல்லிவிட்டுப் பழையபடியே செய்வார்கள்.

இரண்டு வாரம் ஒரு கொப்பியோடு சுற்றுங்கள். யார் எத்தனை மணிக்கு வருகிறார், எந்த வேலை யாருக்காகக் காத்துக்கிடக்கிறது, எந்தச் சாமான் அடிக்கடி தீர்கிறது என்று குறியுங்கள். ஒவ்வொருவரோடும் தனியே கால்மணி நேரம் பேசுங்கள். "குறை என்ன?" என்று கேட்டால் ஒருவரும் வாய் திறக்க மாட்டார்கள். "உங்கள் வேலையில் வீணாகப் போகும் நேரம் எது?" என்று கேளுங்கள். துவைக்கும் அக்கா, தண்ணீர்ப் பம்பியின் சாவி காவலாளியிடம் இருப்பதால் தினமும் அரை மணி நேரம் அவரைத் தேடுவதாகச் சொல்லக்கூடும். ஒரு மேலதிகச் சாவி வெட்டிக் கொடுங்கள். அந்தச் சின்னக் காரியம் உங்களைப் பற்றி நூறு கூட்டங்களில் சொல்லக்கூடியதைச் சொல்லிவிடும்.

மூன்றாம் படி: ஆண்டைப் பிரித்துத் திட்டமிடுங்கள்

கிழக்குக் கரையில் திட்டமிடல் என்பது கடலைப் பார்த்துத் தொடங்குவது. ஏறத்தாழ ஏப்ரல் முதல் செப்டெம்பர் வரை கடல் அமைதியாக இருக்கும், நிலாவெளியிலிருந்து புறாமலைத் தீவுக்குப் படகுகள் ஓடும், அறைகள் நிறையும். ஒக்டோபர் பிறந்தால் மாரி தொடங்கிவிடும், ஜனவரி வரைக்கும் மழையும் கொந்தளிப்பும்தான். காலியிலும் ஹிக்கடுவையிலும் கூட்டம் சேரும் டிசம்பரில் இங்கே கதிரைகளை அடுக்கி வைத்திருப்போம். ஆகவே, தெற்கில் வேலை பழகி வந்தவர் அங்கிருந்த ஆண்டு அட்டவணையை இங்கே கொண்டுவந்தால் எல்லாம் தலைகீழாகும்.

திட்டத்தைப் பின்னாலிருந்து முன்னால் எழுதுங்கள். ஏப்ரல் முதலாம் திகதி 12 அறைகளும் ஆயத்தமாக இருக்கவேண்டும் என்றால் பூச்சு வேலை மார்ச் நடுப்பகுதிக்குள் முடியவேண்டும். பூச்சுக்கு முன் கூரை ஒழுக்கு அடைபடவேண்டும். அதற்கு மழை விட்டிருக்கவேண்டும். எனவே பெப்ரவரி. கூரை வேலை பார்க்கும் பாசுக்கு ஜனவரியிலேயே சொல்லி வைக்காவிட்டால் பெப்ரவரியில் அவர் வேறொரு விடுதியின் கூரைமேல் இருப்பார். உப்புக்காற்றில் குளிரூட்டியின் வெளிப்பெட்டியும் இரும்புக் கதவும் அரிக்கும் வேகம் உங்களுக்குத் தெரியும். அவற்றுக்கும் இதே வரிசையில் ஓர் இடம் கொடுங்கள்.

அடுத்தது காசு. சீசனில் நிறையும் பெட்டி முதலாளியின் கண்ணையும் உங்கள் கண்ணையும் மறைக்கும். ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். சம்பளம், மின்சாரம், வங்கிக் கடன் என்று மாதம் 6 இலட்சம் ரூபாய் செலவு. ஒக்டோபர் முதல் ஜனவரி வரை மாத வருமானம் 2.5 இலட்சம்தான் என்று வைத்துக்கொண்டால், மாதம் 3.5 இலட்சம் துண்டு விழும். நான்கு மாதத்துக்கு 14 இலட்சம். பெப்ரவரியும் மார்ச்சும் எப்படியோ தட்டுத்தடுமாறிச் சமாளித்துவிடும் என்று விட்டாலும், அந்த 14 இலட்சத்தை ஏப்ரல் தொடங்கி ஆறு மாதத்துக்குள் ஒதுக்கவேண்டும். மாதம் ஏறத்தாழ 2,33,000 ரூபாய். அதை வேறொரு வங்கிக் கணக்கில் போட்டு, அந்தக் கணக்குப் புத்தகத்தைக் கண்ணில் படாத இடத்தில் வையுங்கள். டிசம்பரில் சம்பளம் தாமதித்தால் நல்ல சமையற்காரர் சீசனுக்குத் திரும்ப மாட்டார்.

லீவுத் திட்டம் இந்த ஊரில் தனிக் கலை. ஒரே சமையலறையில் தமிழர், முஸ்லிம், சிங்களவர் மூவரும் வேலை செய்வார்கள். சித்திரைப் புத்தாண்டு வருவது ஏப்ரல் 13, 14ஐ ஒட்டி. அறைகள் நிரம்பி வழிவதும் அதே நாள்களில்தான். தமிழரும் சிங்களவரும் ஒன்றாக லீவு கேட்பதும் அப்போதுதான். ஏப்ரல் பத்தாம் திகதி இதைப் பேசத் தொடங்கினால் சண்டையில்தான் முடியும். பெப்ரவரியிலேயே எல்லோரையும் இருத்தி வைத்து ஆண்டுக்கான பண்டிகை நாள்களைச் சுவர் நாள்காட்டியில் குறியுங்கள்: பொங்கல், தீபாவளி, இரண்டு பெருநாள், வெசாக், நத்தார். யார் யாருக்காக நிற்பார் என்று அவர்களே பேசி முடிக்கட்டும். புத்தாண்டுக்கு நின்ற முஸ்லிம் தம்பிக்குப் பெருநாளன்று மற்றவர்கள் நிற்கவேண்டும். அது வாய்ப்பேச்சில் மட்டும் இருக்கக்கூடாது, எழுத்தில் இருக்கவேண்டும். சென்ற ஆண்டு விட்டுக்கொடுத்தவர் இந்த ஆண்டும் விட்டுக்கொடுக்கும்படி நேராமல் பார்ப்பது உங்கள் வேலை. வெள்ளிக்கிழமை ஜும்ஆ நேரத்தையும் நோன்பு மாதத்தில் நோன்பு திறக்கும் நேரத்தையும் அட்டவணையில் முதலிலேயே போட்டுவிட்டால், அன்றன்று அனுமதி கேட்டு யாரும் உங்கள் முன் நிற்கவேண்டியதில்லை.

நான்காம் படி: யார் யாருக்குச் சொல்வது என்று தீர்மானியுங்கள்

அறை பார்க்கும் தம்பியைக் கவனியுங்கள். "ஏழாம் அறைக்குத் துவாய் கொண்டு போ" என்கிறது வரவேற்பு மேசை. "தேங்காய் வாங்கி வா" என்கிறார் சமையற்காரர். "பூச்செடிக்குத் தண்ணீர் விட்டாயா?" என்று முதலாளியின் மனைவி தொலைபேசியில் கேட்கிறார். மூன்றையும் அரைகுறையாகச் செய்துவிட்டு மூவரிடமும் ஏச்சு வாங்குகிறான். ஃபயோல் வகுத்த 14 கோட்பாடுகளில் ஒன்று கட்டளை ஒருமை: ஒருவருக்கு ஒரு மேலதிகாரி. நூறு ஆண்டு கடந்தும் நமது சிறிய நிறுவனங்களில் அதிகம் மீறப்படுவது இதுதான் என்பேன்.

ஒரு தாளில் ஒன்பது பெயரையும் எழுதி, ஒவ்வொருவருக்கும் மேலே ஒரே ஒரு கோடு இழுங்கள். சமையலறைக்குச் சமையற்காரர், அறைகளுக்கும் துவைப்புக்கும் மூத்த அக்கா, மேசைக்கும் காவலுக்கும் நீங்கள் என்று மூன்று கிளை போதும். தாளை எல்லோரும் காணும்படி ஒட்டுங்கள், தமிழிலும் சிங்களத்திலும்.

பிறகு வேலையை ஒப்படையுங்கள். ஒப்படைப்பது என்றால் தலையில் கட்டிவிட்டுப் போவது அன்று. என்ன முடியவேண்டும், எப்போது, எவ்வளவு தூரம் உங்களைக் கேட்காமல் முடிவெடுக்கலாம், எப்போது வந்து சொல்லவேண்டும் என்ற நான்கும் தெளிவாக இருக்கவேண்டும். மீன் வாங்குவதைப் பாருங்கள். சமையற்காரரிடம் "பாரை கிலோ இன்ன விலைக்கு மேல் வாங்காதீர்கள்" என்று நீங்கள் கட்டளையிட்டால், கடல் மோசமான நாளில் அவர் வெறுங்கையோடு வருவார், அல்லது நேற்றைய மீனோடு வருவார். மீன் விலை காலையில் ஒன்று, பத்து மணிக்கு இன்னொன்று. "இன்று 20 பேருக்கு மதியச் சாப்பாடு, ஒருவருக்கு இவ்வளவு ரூபாய்க்குள் நிற்கவேண்டும், பாரையா சூரையா என்பது உங்கள் விருப்பம்" என்று சொல்லிப் பாருங்கள். மீனைத் தெரிந்தவர் அவர். முடிவு அவரிடமே இருக்கட்டும். பற்றுச்சீட்டு மட்டும் மாலைக்குள் சில்லறைக் காசேட்டுக்கு வந்துவிடவேண்டும். கரையில் வாங்கும் மீனுக்குச் சீட்டுக் கிடைக்காது என்பதால், எடையையும் விலையையும் எழுதிக் கையெழுத்திட ஒரு சிறு புத்தகம் வாங்கிக் கொடுங்கள்.

ஒருங்கிணைத்தல் பற்றித் தனியாகப் பிரசங்கம் தேவையில்லை. கடற்கரையில் கரைவலை இழுப்பதைப் போய்ப் பாருங்கள். இரண்டு கயிறு, இரண்டு கூட்டம், நடுவில் நீண்ட இடைவெளி. ஒரு பக்கத்தார் பலம் காட்டி முந்திக்கொண்டால் வலை கோணிப்போகும். இரண்டு பக்கத்தையும் பார்த்துக் குரல் கொடுக்க ஒருவர் வேண்டும். விடுதியில் வரவேற்பு மேசை வேகமாக அறைகளை விற்று, துவைப்பவர்கள் பின்தங்கினால் ஆவதும் அதுவே: விருந்தினர் நிற்பார், கட்டிலில் விரிப்பு இருக்காது. காலை எட்டு மணிக்கு, மூன்று கிளைக்கும் பொறுப்பானவர்கள் நின்றபடியே பத்து நிமிடம் பேசினால் போதும். இன்று யார் வருகிறார், யார் போகிறார், எது குறைவு. அதற்கு மேல் நீட்டினால் அது கூட்டமாகிவிடும்.

ஐந்தாம் படி: சொல்லும் விதம், திருத்தும் விதம்

வேலையைச் சொன்னபின் "விளங்கியதா?" என்று கேட்காதீர்கள், விளங்காவிட்டாலும் ஆம் என்றுதான் பதில் வரும். "எதை முதலில் செய்யப் போகிறீர்கள்?" என்று கேளுங்கள். தமிழும் சிங்களமும் கலந்து ஓடும் இடத்தில் இந்தக் கேள்வி பல வில்லங்கங்களைத் தவிர்க்கும்.

பாராட்டை எல்லோர் முன்னிலையிலும், கண்டிப்பைத் தனியாகவும் என்பார்கள். சரிதான். ஆனால் கண்டிப்பைத் தள்ளிப்போடுவதுதான் நம்மவர்களிடம் நான் அதிகம் காணும் குறை. உங்களைவிடப் பதினைந்து வயது மூத்த அண்ணர் தினமும் அரை மணி நேரம் பிந்தி வருகிறார். முகம் முறிக்க மனமில்லை, விட்டுவிடுகிறீர்கள். ஒரு மாதத்தில் எல்லோரும் அரை மணி நேரம் பிந்துவார்கள். "அண்ணை, ஏழு மணிக்கு நீங்கள் இல்லாவிட்டால் காலைச் சாப்பாடு பிந்துகிறது. நேரத்துக்கு வருவதில் ஏதாவது சிக்கலா?" என்று முதல் வாரத்திலேயே கேளுங்கள். மரியாதை குறையாமல் விஷயத்தையும் சொல்லலாம். காரணம் பஸ் நேரமாக இருந்தால் வேலை நேரத்தை மாற்றிக் கொடுங்கள். காரணமே இல்லாவிட்டால், இரண்டாம் முறை எழுத்தில் கொடுங்கள்.

ஆறாம் படி: எண்ணிப் பாருங்கள்

கட்டுப்படுத்தல் என்ற சொல்லைக் கேட்டதும் பலருக்கு விசில் ஊதும் காவலாளி நினைவுக்கு வருகிறார். உண்மையில் கட்டுப்படுத்தல் என்பது மூன்று காரியம்: ஒரு வேலை எப்படி இருக்கவேண்டும் என்று முன்கூட்டியே குறித்துவைப்பது, இப்போது எப்படி இருக்கிறது என்று எண்ணுவது, வித்தியாசம் இருந்தால் காரணம் தேடிச் சரிசெய்வது.

கட்டில் விரிப்பையே எடுத்துக்கொள்ளுங்கள். ஓர் அறைக்கு மூன்று சோடி: ஒன்று கட்டிலில், ஒன்று துவைப்பில், ஒன்று அலுமாரியில். 12 அறைக்கு 36. திங்கட்கிழமைதோறும் எண்ணுங்கள். 33 இருந்தால் மூன்று எங்கே? கிழிந்ததா, துவைக்கக் கொடுத்த இடத்தில் தங்கிவிட்டதா, கறைபட்டு ஒளித்து வைக்கப்பட்டதா? அந்த வாரமே கேட்டால் விடை கிடைக்கும். ஆண்டு முடிவில் கேட்டால் பழிதான் கிடைக்கும், அதுவும் பெரும்பாலும் கடைசியாக வேலைக்குச் சேர்ந்தவர்மேல் விழும். மாரியில் விரிப்புக் காய இரண்டு நாள் எடுக்கும், அதற்கு மேலதிகமாகச் சில சோடிகள் வேண்டும் என்பதும் எண்ணுகிறவருக்கே முதலில் தெரியவரும்.

மின்மானியைத் தினமும் ஒரே நேரத்தில் வாசித்துக் குறியுங்கள். அறைகள் கூடாமல் அலகு கூடினால், காலி அறையில் குளிரூட்டி ஓடுகிறது, அல்லது எங்கோ குழாய் கசிந்து பம்பி ஓயாமல் இயங்குகிறது. மாதப் பட்டியல் வரும்வரை காத்திருந்தால் முப்பது நாள் காசு போய்விடும். இவை தவிர, நிரம்பிய அறைகளின் எண்ணிக்கையும் நாளாந்தக் காசுச் சரிபார்ப்பும். ஆரம்பத்தில் வேறு எதையும் அளக்கவேண்டாம்.

ஏழாம் படி: சட்டம் கேட்பது

இதில் அன்பும் பழக்கமும் பேசாது. நியமனக் கடிதம் எல்லோருக்கும் கொடுங்கள். ஊழியர் சேமலாப நிதிக்கு ஊழியர் பங்கு 8 சதவீதம், தொழில்தருநர் பங்கு 12 சதவீதம். ஊழியர் நம்பிக்கை நிதிக்குத் தொழில்தருநர் தன் பங்காக 3 சதவீதம். மாதச் சம்பளம் 40,000 ரூபாய் என்றால் ஊழியரிடம் 3,200 கழிப்பீர்கள்; நிறுவனம் தன் கையிலிருந்து 4,800உம் 1,200உம் போடவேண்டும். கழித்துவிட்டுக் கட்டாமல் விடுவதைப்போல் ஊழியரின் நம்பிக்கையைக் கெடுப்பது வேறில்லை.

1954ஆம் ஆண்டின் கடை, அலுவலக ஊழியர் சட்டப்படி சாதாரண வேலை நேரம் நாளுக்கு 8 மணித்தியாலம், வாரத்துக்கு 45. அதற்கு மேல் மேலதிக நேரக் கொடுப்பனவு ஒன்றரை மடங்கு. 15 பேர் அல்லது அதற்கு மேல் வேலை செய்யும் இடத்தில் ஐந்து ஆண்டு நிறைவுசெய்தவருக்கு, வேலையை விட்டுப் போகும்போது பணிக்கொடை உண்டு. குறைந்தபட்சச் சம்பளம் அவ்வப்போது மாறுவதால் அதைத் தொழில் திணைக்களத்தில் கேட்டு உறுதிப்படுத்துங்கள்.

ஒரே நாளில் எத்தனை பாத்திரம்

கனடாவின் முகாமைத்துவ ஆய்வாளர் ஹென்றி மின்ட்ஸ்பெர்க் ஐந்து நிறுவனத் தலைவர்களை ஆளுக்கொரு வாரம் பின்தொடர்ந்து, அவர்கள் உண்மையில் என்ன செய்கிறார்கள் என்று குறித்தார். அவர்களுடைய காரியங்களில் பாதி ஒன்பது நிமிடத்துக்கும் குறைவாகவே நீடித்தன. அமைதியாக அமர்ந்து திட்டம் தீட்டும் முகாமையாளர் என்ற படத்தை அவர் கலைத்துவிட்டார். அதிலிருந்து 1973இல் முகாமையாளர் ஏற்கும் பத்துப் பாத்திரங்களை வகுத்தார்: ஆள்களோடு உறவாடுவதில் மூன்று, தகவலைக் கையாள்வதில் மூன்று, முடிவெடுப்பதில் நான்கு.

உப்புவெளியில் அது இப்படி இருக்கும். கொழும்பிலிருந்து இரவு ரயிலில் வந்த குடும்பம் விடிகாலையில் வாசலில் நிற்கிறது. அறை மதியம்தான் காலியாகும். குளிக்க ஓரிடமும் தேநீரும் ஒழுங்குசெய்து குழப்பத்தைத் தீர்க்கிறீர்கள். ஒன்பது மணிக்குப் புறாமலைப் படகுக்காரருடன் சீசன் விலை பேசுகிறீர்கள். பத்து மணிக்குப் பொதுச் சுகாதாரப் பரிசோதகர் சமையலறையைப் பார்க்க வருகிறார். நிறுவனத்தின் குரல் நீங்கள்தான். பக்கத்து விடுதிக்காரர் தண்ணீர்ப் பவுசர் விலை கூடப் போவதாகச் சொல்கிறார். அந்தத் தகவலைப் பிடித்து உரியவரிடம் சேர்க்கிறீர்கள். இருக்கும் காசில் புதிய குளிர்சாதனப் பெட்டியா, கூரைத் திருத்தமா என்று முடிவெடுக்கிறீர்கள். மாலையில் துவைக்கும் அக்காவின் மகள் கலியாணத்துக்குக் கிண்ணியாவுக்கோ மூதூருக்கோ போகிறீர்கள். அங்கே நீங்கள் போவது நிறுவனத்தின் முகமாக. அதை வீண் நேரம் என்று நினைக்கிறவர் இந்த ஊரில் நெடுநாள் முகாமையாளராக இருக்க முடியாது.

நாள் இப்படித் துண்டுதுண்டாகத்தான் போகும். அதனால் காலையில் அரை மணி நேரத்தையாவது தொலைபேசியை அணைத்துவிட்டு எடுத்துக்கொள்ளுங்கள். திட்டத்துக்கும் கணக்குக்கும் மிஞ்சுவது அதுதான்.

முதலாளியோடு

நடுவில் நிற்பவருக்கு இரண்டு பக்கமும் இடி. முதலாளி உங்களைத் தாண்டி நேரே ஊழியருக்குக் கட்டளை போட்டால், ஊழியர் முன்னிலையில் வாதாடாதீர்கள். தனியே, "ஐயா, என்னிடம் சொன்னால் நானே செய்விக்கிறேன், இல்லாவிட்டால் இரண்டு பேர் சொன்னதாக ஆகிறது" என்று கூறுங்கள். இரண்டு மூன்று தடவை சொல்லவேண்டியிருக்கும்.

முதலாளி கனடாவிலோ லண்டனிலோ இருந்தால் ஞாயிறு மாலை ஒரு பக்க அறிக்கை அனுப்புங்கள்: எத்தனை அறை நிரம்பியது, கையிலும் வங்கியிலும் எவ்வளவு, எதில் சிக்கல், அவருடைய முடிவு எதற்குத் தேவை. கெட்ட செய்தி இருந்தால் அதை முதல் வரியில் போடுங்கள். பம்பி எரிந்துபோனதை மூன்று வாரம் கழித்து அவருடைய மைத்துனர் வழியாக அவர் அறியக்கூடாது. முடிவு கேட்கும்போது இரண்டு வழியையும் அவற்றின் செலவையும் எழுதி, நீங்கள் எதைச் செய்வீர்கள் என்பதையும் சேர்த்து எழுதுங்கள். புதன்கிழமைக்குள் பதில் வராவிட்டால் அதையே செய்துவிடுவேன் என்று குறிப்பிடலாமா என்பதை முதல் மாதத்திலேயே அவரிடம் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.